சாப்பாட்டு நேரத்தில் கிளம்புகிறவள்

“இன்னிக்காவது ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்களேன்” என்றாள் தையற்காரம்மா.

“இல்லம்மா, வேலை கிடக்கு” என்று மாடி வீட்டுக்காரி எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே கதைதான். காலையில் இறங்கி வருவாள். தையற்காரம்மாவின் மகளோடு உட்கார்ந்து ரேடியோவில் பாட்டுக் கேட்பாள். மகளைக் கூப்பிடுவதுதான் பாப்பா, தலையில் நரை எட்டிப் பார்த்தாயிற்று. பிறவியிலேயே அவளுடைய கை கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நாக்கும் தொண்டையும்கூட அப்படித்தான். பேச்சு வராது, சிரிப்பு மட்டும் வஞ்சனையில்லாமல் வரும். மாடி வீட்டுக்காரியைக் கண்டால் முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். ஆனால் சமையலறையிலிருந்து தட்டு வந்ததோ இல்லையோ, அவள் கிளம்பிவிடுவாள். அந்த வீட்டில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட அவள் குடித்தது கிடையாது.

ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள், தனிக்கட்டை. வார்த்தைகளை மென்று மென்றுதான் பேசுவாள். தலைக்கனம் பிடித்தவள் என்று தெருவில் சொன்னார்கள். தையற்காரம்மா நம்பவில்லை. ஆனாலும், சாப்பாட்டு நேரத்தில் நழுவுகிறவர்களை அவளுக்குத் தெரியாதா என்ன?

பாப்பாவுக்கு ஊட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். எல்லாவற்றையும் மசித்துக் கூழாக்க வேண்டும். தண்ணீரில்கூட மருந்துக்கடை மாவைக் கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும். அப்படிப் போய்த்தான் போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சின்னக் கரண்டியில் பாதிதான் எடுக்கலாம். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

அப்படியும் இருமுவாள், வாயோரம் வழியும். ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் காதோடு வந்து சொன்னாள்: “பாப்பாவை உள்ளே கூட்டிட்டுப் போயிடுங்க அண்ணி. பக்கத்துல சாப்பிடறவங்க சங்கடப்படறாங்க.”

அன்றைக்குச் சாமான் அறையில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊட்டியவள்தான். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. மகளுக்கு ஊட்டி முடித்து, ஆறிப்போனதை நின்றபடியே தானும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தையல் மெஷினின் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வாள்.

இன்று பாப்பா விடவில்லை. எழுந்தவளின் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரி அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, முந்தானையை விடுவித்துக்கொண்டாள். மகளின் முகம் வாடியதைப் பார்த்ததும், தையற்காரம்மாவுக்கு இத்தனை நாள் நெஞ்சில் அடக்கியது வாய்க்கு வந்துவிட்டது.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு சாப்பிடறதைப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கா? அப்படின்னா இனிமே வர வேண்டாம். ஆசை காட்டிட்டு விட்டுட்டுப் போறவங்களை நாங்க நிறையப் பாத்தாச்சு.”

மாடி வீட்டுக்காரி திரும்பினாள். மடமடவென்று படியேறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே மனுஷியையும் வாயால் விரட்டிவிட்டோமே என்று தையற்காரம்மா தன்னையே நொந்துகொண்டாள். கரண்டியை நீட்டினால் பாப்பா வாயைத் திறக்கவில்லை. கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. “அவங்க வர மாட்டாங்கடா கண்ணு” என்று சொல்லிக் கரண்டியைத் தட்டிலேயே வைத்தாள் அம்மா.

வாசலில் நிழல் தட்டியது. மாடி வீட்டுக்காரிதான். பாப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த கிண்ணத்தைத் திறந்தாள். உள்ளே ஒரு கட்டிகூட இல்லாமல் மசித்த கூழ்.

“பாப்பாவுக்கா கொண்டு வந்தீங்க?” என்று கேட்டாள் தையற்காரம்மா.

“இல்லம்மா, என் சாப்பாடே இதுதான்” என்றாள் அவள். “எனக்கும் பிறந்ததிலேருந்து தொண்டை இப்படித்தான். பாப்பா சாப்பிடறதைப் பாத்து நான் ஓடலம்மா. நான் சாப்பிடறதைப் பாத்தா நீங்க முகம் சுளிச்சிடுவீங்களோன்னுதான்...”