நாற்பத்திரண்டாவது உயிர்

"சார், இன்னைக்கு 'இதே நாளில்' பகுதியில ஒரு தப்பு இருக்கு" என்றாள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்திருந்த அந்தப் பெண்.

அதை எழுதும் துணையாசிரியர் நிமிர்ந்தார். ஒவ்வொரு தேதிக்கும் பழைய நிகழ்ச்சிகளும் அவை தரும் பாடங்களும் அவர் கணினியில் தயாராக இருந்தன. ஆண்டுக் கணக்கை மட்டும் மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

"என்ன தப்பும்மா?"

"ரயில் பஸ்ஸுல மோதி நாற்பத்தோரு பேர் செத்தாங்கன்னு போட்டிருக்கீங்க. நாற்பத்திரண்டு சார்."

"பதினோரு வருஷமா நாற்பத்தொண்ணுதான்."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "அண்ணே, செத்தவங்க கூட மறுப்பு அனுப்புறாங்க போல!"

அவரை முறைத்துவிட்டு, "பஸ்ஸுல உங்க சொந்தக்காரங்க இருந்தாங்களாம்மா?" என்று இரக்கத்தோடு கேட்டார் துணையாசிரியர்.

"இல்ல சார். என் வீட்டுக்காரர்தான் அங்க கேட் கீப்பர்."

இரக்கம் மறைந்தது. "கேட்டை மூடாமத் தூங்கின ஆளா? அவர்தான் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்துட்டாரே!"

"ஆமா சார். வருஷா வருஷம் இந்தத் தேதியில பேப்பரை ஒளிச்சு வைப்பேன். போன வருஷம் மறந்துட்டேன். 'ஒருவன் தூங்கினான், ஊரே அழுதது'ன்னு நீங்க எழுதின பாடத்தைப் படிச்சிட்டு, உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். உடைச்சுத்தான் திறந்தோம். உயிர் இல்ல."

துணையாசிரியர் கணினியில் அந்தத் தேதியைத் திறந்தார்.

"எண்ணிக்கையை மாத்திடுறேம்மா" என்றார்.

"அந்தப் பாடத்தையும் எடுத்துடுங்க சார். எம் பொண்ணு இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் பேப்பர் படிக்கிறா."