குறையாத மருந்து

அன்று சாயங்காலம் தையல்காரர் மெஹபூப் பாஷா ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்துவிட்டார். நோன்புப் பெருநாளுக்கு முன்பு, அபின் பிடியில் கிடந்தபோது, ஊசியைப் பிடிக்கவே அந்தக் கைகளால் முடியாது. "பாத்தியா அன்வரி" என்று மனைவிக்குத் தூக்கிக் காட்டினார்.

அன்வரி பேகத்தின் மனம் அதில் இல்லை. மத்தியானம் திரை இடுக்கு வழியாகக் கண்டதே கண்ணில் நின்றது. நர்ஸ் தங்கபுஷ்பம் முதுகைத் திருப்பிக்கொண்டு, குடத்துத் தண்ணீரை மொண்டு, அவருடைய மருந்து பாட்டிலில் ஊற்றினாள்.

ஆஸ்பத்திரி வார்டை விட்டு வந்ததும் அவரைப் பழைய சகவாசம் இழுத்துவிடும் என்று டாக்டர்தான் நர்ஸை மயிலாப்பூர்ச் சந்துக்குத் தினமும் அனுப்பினார். பள்ளிவாசலிலிருந்தும் இரண்டு பேர் வந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அபினைத் திடீரென நிறுத்தினால் உடம்பு தாங்காது என்பதால், அபின் சேர்ந்த மருந்து காலையில் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன்.

"ஊத்திக் குடுக்கறதோட உன் வேலை முடிஞ்சுது. பாட்டிலை என்கிட்ட விட்டுடு" என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தாள். பாட்டில் எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்கும். ஆஸ்பத்திரி மருந்தைக் கொண்டுவந்து நிரப்புகிறாள் என்றே அன்வரி நம்பியிருந்தாள்.

தம்பி அக்பர் பாஷா விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "சண்டைக் காலம்க்கா. காய்ச்சலுக்குக் குடுக்கற கொய்னா மாத்திரையே சுண்ணாம்பாக் கீது. நல்ல மருந்து எங்கியோ வெளிய போய்க்கினு கீது, மச்சானுக்குக் குடத்துத் தண்ணி."

மருந்து இல்லாவிட்டால் மறுபடியும் சுவரில் தலையை முட்டிக்கொள்வார். மறுபடியும் அபின் கடை வாசலில் விழுந்து கிடப்பார். ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்று டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டைத் தேடி எடுத்து, அன்வரி தம்பியை லஸ் பக்கம் மருந்துக்கடைக்கு விரட்டினாள்.

கடைக்காரர் சீட்டை இரண்டு தரம் படித்தாராம். அபினுக்குப் பழகின உடம்புதானே என்று கேட்டாராம். "வருசக்கணக்கா பழகினதுன்னேன்" என்று சொல்லிக்கொண்டே அக்பர் பாஷா மருந்தை நீட்டினான்.

இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் புது மருந்தைக் கழுத்துவரை ஊற்றினாள். சாப்பாடு முடிந்ததும் ஒரு ஸ்பூன் கொடுத்தாள்.

அவர் முகத்தைச் சுளித்தார். "இன்னா இது, இன்னிக்கு இப்படிக் கசக்குது?"

கசப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவரும் சீக்கிரமே அயர்ந்துவிட்டார். குறட்டை வழக்கத்தைவிடக் கனமாகக் கேட்டது. நல்ல மருந்து, நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டு அவளும் கண்ணை மூடினாள்.

காலைத் தொழுகைக்கு எழுப்பத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

சேதி கேட்டு ஓடிவந்த தங்கபுஷ்பம் நேராக அலமாரிக்குப் போனாள். பாட்டிலைத் திறந்து, ஒரு சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யார் மாத்தினது?"

"நான்தான்" என்றாள் அன்வரி. அழுகையை மீறிக் கோபம் வந்தது. "நீ தண்ணி ஊத்தினே. நான் மருந்து ஊத்தினேன்."

நர்ஸின் பார்வை மூலைக்குப் போனது. தையல் மிஷின்மேல் கிடந்த துணியில், நேற்று கோத்த நூலோடு ஊசி குத்தியபடி இருந்தது.

"ஒரு ஸ்பூன் எடுத்தா ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்தச் சொன்னதே டாக்டர்தான். அப்படியே கொஞ்சங்கொஞ்சமா மருந்தைக் குறைச்சு, உடம்பு அபினை மறக்கறதுக்கு. உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடும்னு உன்கிட்டகூடச் சொல்லலை."

அன்வரி அவள் முகத்தையே பார்த்தாள்.

"இந்த மாசம் பூரா அவரு குடிச்சது வெறும் தண்ணிதாம்மா."