கழற்ற மறந்த ஹெல்மெட்

ஒரு ஷெட்டில் சிவப்பு ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று நின்றது. அதன்மேல் குனிந்து ஓட்டியே முதலாளிக்கு முதுகுவலி வந்துவிட்டது. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட வேறு வண்டி தேடினார். ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஹெல்மெட்டும் கூடப் போகும். ஷெட்டுச் சுவரில் தன் ஆணிக்குத் திரும்பியதும் பைக்குக்குச் சேதி சொல்லும். தலையோடு பழகியதால் தனக்கும் மூளை உண்டென்பது அதன் நம்பிக்கை.

"முதல் வண்டி எருமை. இரண்டாவது தையல் மிஷின்" என்றது.

"அவர் முதுகு?"

"இரண்டிலிருந்தும் பிடித்துக்கொண்டேதான் இறங்கினார்."

பைக் கவலைப்பட்டது.

மூன்றாவது வண்டியைப் பார்த்த அன்று ஹெல்மெட் தாமதமாக ஆணிக்கு வந்தது. "இதுவும் தேறாது அண்ணே. அவருக்கு நீங்கள்தான் சரி."

"வந்ததும் உன்னை இங்கே மாட்டவில்லையே, ஏன்?"

ஹெல்மெட் தயங்கியது. "கழற்ற மறந்துவிட்டார். காபி டம்ளர் என்மேல் இடித்த பிறகுதான் நினைவு வந்தது."

"என்னை வாங்கி வந்த அன்றும் சந்தோஷத்தில் அப்படித்தான் மறந்தார். நீதான் வந்து சொன்னாய்."

"உங்களை விற்றுவிடுவாரே அண்ணே. அதனால்தான் பொய் சொன்னேன்."

"இத்தனை வருஷத்தில் என்னை நிறுத்திவிட்டு ஒரு நாளும் அவர் திரும்பிப் பார்க்காமல் போனதில்லை. எனக்கு அது போதும். நீ புது வண்டியிடம் ஒன்று சொல்லிவிடு. பாலத்து வளைவில் அவர் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிப்பார். நான் சமாளித்துக்கொண்டிருந்தேன், அதுவும் சமாளிக்கட்டும். அவர் காதில் மட்டும் விழ வேண்டாம். தன் திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்."