செர்கெத்தின் பிள்ளைகள்

"அக்கா, நான் செத்துடுவேனா?"

காயவைத்த செங்கல் அடுக்கில் கைவிட்ட இபியைத் தேள் கொட்டியிருந்தது. உடம்பு சில்லிட்டு, நாக்குக் குழறியது. அக்கா ஹெனுத், தம்பியை மடியில் கிடத்திக்கொண்டாள். அம்மா சத்ரே கோயிலுக்கு ரொட்டி மாவு பிசையப் போயிருந்தாள். அவளைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டுக்காரி ஓடியிருந்தாள்.

ஹெனுத்துக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. போன அறுவடையின்போது, நைலில் ஓடம் விடுகிறவனின் குழந்தையைத் தேள் கொட்டியது. அப்பா குனிந்து அதன் காதில் ஒரு மந்திரம் சொன்னார். குழந்தை எழுந்து விளையாடப் போய்விட்டது.

"தேள் தேவி செர்கெத்தோட மூச்சு உங்க வம்சத்துலயே ஓடுதுய்யா" என்று ஓடக்காரன் அவர் காலில் விழுந்தான்.

மறுநாள் விடிவதற்குள் அப்பா இறந்துபோனார். அதே தேள் அவரையும் கொட்டிவிட்டது என்றது ஊர். உடம்பைத் துணியால் சுற்றியவர்கள், தைலம் தடவுவதற்குக் கொட்டுவாயைத் தேடிக் களைத்துப்போனார்கள்.

பக்கத்தில் நின்று கேட்டிருந்த அந்த மந்திரத்தை வாய் தவறியும் சொல்லக் கூடாது என்று அம்மா அன்றே இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"சத்தியத்தை மீறினா செர்கெத் கோவிச்சுக்குவாளா, அக்கா?"

"தம்பியக் காப்பாத்தறதுக்கா கோவிச்சுக்குவா? அவளும் ஒரு தாய்தானேடா."

ஹெனுத் குனிந்தாள். "சத்ரே பெற்ற இபியை விட்டு வா, விஷமே. வந்துவிடு."

இபியின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. எழுந்து உட்கார்ந்து கையை மடக்கி நீட்டினான்.

"வலியே இல்ல! நீயும் அப்பா மாதிரியேக்கா! எனக்கும் வருமா?"

"முதல்ல மூக்கைத் துடைங்க, மந்திரவாதி."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கையில், மாவு காயாத கையோடு சத்ரே ஓடிவந்தாள். மகனை வாரி அணைத்தாள்.

"யாரு சாமி மருந்து கொடுத்தா?"

"மருந்தெல்லாம் இல்லம்மா. அக்காதான் அப்பாவோட மந்திரத்தைச் சொன்னா!"

சத்ரேயின் பிடி தளர்ந்தது. மகனை விட்டுவிட்டு மகளின் காலடியில் உட்கார்ந்து, அவள் பாதங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"திட்டாதம்மா. அவனை மடியில வெச்சிருந்ததுல கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான். ஏம்மா அழற? நம்ம இபிதான் பொழச்சுட்டானே!"

சத்ரே அவள் தலையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"உங்க அப்பாவைத் தேள் கொட்டவே இல்லடி, கண்ணு."