பத்து நிமிடத்துக்கு ஒரு முட்டை

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று லமாரா முள்வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நின்ற சார்ஜென்ட் வித்தாலிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. வேலிக்கு அப்பால் இருப்பவர்களிடம் பேசக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஈஸ்டர் வாழ்த்துக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பது பெற்றவளின் உத்தரவு.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று முணுமுணுத்தான். அவன் செய்த முதல் தப்பு அதுதான்.

"வாயத் தொறந்துட்டேல்ல தம்பி, இனிமே பேசலாம்" என்றாள் லமாரா.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. காதைத் திருகித் திருகிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த ருஷ்ய மொழி. ஒருநாள் உதவும் என்று வாத்தியார் சொன்னபோது அவள் நம்பவில்லை.

ஊருக்கும் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்த வேலி வந்தது. முந்தின நாள் வரை அது ஆப்பிள் தோட்டம். எப்போதோ முடிந்த சண்டைக்கு வடக்கத்திய ருஷ்யப் பட்டாளம் இன்னும் கோடு போட்டுக்கொண்டிருந்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால். ஜார்ஜியா மாதிரி கையகல நாட்டில் அந்த வாய்க்கால் நாளைக்கு யார் அடுப்படிக்குள் வரும் என்று யாருக்கும் தெரியாது. காளான் பறிக்க வேலியைத் தாண்டிய பக்கத்துத் தெருக்காரர் இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம், நாற்பதடியில், மண்ணுக்குள் குராம் படுத்திருந்தான். லமாராவின் புருஷன்.

ஈஸ்டர் திங்களன்று கல்லறைக்குப் போய்ச் சிவப்பு முட்டையை உருட்டிவிட்டு, மண்ணில் ஒயின் ஊற்ற வேண்டும். மூன்று ஈஸ்டராக குராமுக்கு முட்டையும் இல்லை, ஒயினும் இல்லை. அந்த மனுஷன் பசி பொறுக்காதவன்.

"முட்ட மோதுவமா?" என்றாள். "நீ ஜெயிச்சா இந்த ஒயின் கூஜா உனக்கு. நான் ஜெயிச்சா பத்து நிமிஷம் அந்தக் கல்லறைக்குப் போயிட்டு வந்துருவேன்."

வித்தாலி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தான். கூட வந்தவன் விருந்துச் சாப்பாட்டு மயக்கத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பிறகு கூஜாவைப் பார்த்தான். காலையில் முகாமில் கொடுத்த முட்டை சட்டைப்பையில் இருந்தது. முட்டையோடு முட்டையைத் தட்டி, எவனுடையது உடைகிறதோ அவன் தோற்கிற அந்த ஆட்டத்தில் அவனை ஜெயித்த ஆள் அவன் ஊரில் கிடையாது. கரும்பு தின்னக் கூலியா?

"மொதல்ல உங்க முட்டையக் குடுங்கம்மா" என்று கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினான்.

லமாரா முட்டையைக் கொடுத்தாள். மோதுவதற்கு முன்னால் ஓடு அசல்தானா என்று எதிராளி பல்லில் தட்டிப் பார்ப்பான் என்பதை எப்படி மறந்தாள்?

அது மர முட்டை. குராம் கடைந்தது. மஞ்சிட்டி வேரின் சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, இருபது வருடம் அதை வைத்தே ஊரைத் தோற்கடித்தான். அவன் திருட்டு அவனோடு போகட்டும் என்று சவப்பெட்டியில் வைக்கப் போனவள், கடைசி நேரத்தில் மனசு மாறி எடுத்துக்கொண்டாள்.

வித்தாலி தன் தங்கப் பல்லில் தட்டினான். டொக். மறுபடி தட்டினான். டொக்.

லமாரா வானத்தைப் பார்த்தாள்.

"உங்க கோழிக்கு ஜோடி யாரு? மரங்கொத்தியா?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. இனி அவன் கூட்டாளியைக் கத்திக் கூப்பிட்டு அவளை ஜீப்பில் ஏற்றினாலும் கேட்பாரில்லை.

"பெரிய வீட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கிற கோழி தம்பி" என்றாள். "ஓடு கெட்டியா இல்லன்னா எப்பிடிப் பொழைக்கும்?"

வித்தாலி வெடித்துச் சிரித்தான். ஜீப்பில் இருந்தவன் புரண்டு படுத்தான். சார்ஜென்ட் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, முட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் முட்டையை நீட்டினான்.

ஒரே தட்டு. அவனுடையது நொறுங்கியது.

"தோத்துட்டேன்" என்றான், ரொம்ப வருத்தப்படுகிறவன் மாதிரி. "பத்தே நிமிஷம்." கீழ்க் கம்பியைத் துப்பாக்கிக் கட்டையால் தூக்கிப் பிடித்தான்.

லமாரா கூடையையும் கூஜாவையும் முன்னால் தள்ளிவிட்டு ஊர்ந்து போனாள். பாவாடை கிழிந்தது, அவள் பொருட்படுத்தவில்லை. அவன் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தான்.

புல்லைப் பிடுங்கினாள். கூடையிலிருந்து நிஜ முட்டை ஒன்றை எடுத்து மண்ணில் உருட்டினாள். கூஜாவைச் சாய்த்தாள்.

"இந்தா. மெதுவாக் குடி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் அழுதாள். சிப்பாய் பார்க்கிறானே என்று மறைக்கவில்லை.

வித்தாலி கல்லறைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்புக் கல்லில் இரண்டு முகங்கள் செதுக்கியிருந்தார்கள். மீசைக்காரருக்குக் கீழே பிறந்த வருடமும் இறந்த வருடமும் இருந்தன. அவர் பக்கத்தில் சடை போட்ட ஒரு பெண். பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் வெறும் கல்.

அவன் கல்லையும் லமாராவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நாந்தான். அப்ப முடி அடர்த்தி" என்றாள். "செதுக்குறப்ப வேலி கெடையாது. அதான் தைரியமாப் பேரு போட்டுட்டோம்."

வித்தாலி தொப்பியைக் கழற்றினான்.

"இன்னிக்கிப் பத்து நிமிஷத்துல திரும்பிருவேன் தம்பி. அடுத்த தடவ நாலு பேரு தூக்கிட்டு வருவாங்க. திரும்ப மாட்டேன். அன்னிக்கும் கம்பியத் தூக்கிப் பிடிப்பியா?"

அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஜூன் மாசம் என்ன வேற எடத்துக்கு மாத்திருவாங்கம்மா" என்றான். "அடுத்து வர்றவன் எப்பிடியோ."

லமாரா விரல்விட்டு எண்ணினாள். ஏப்ரல். மே.

"சரி" என்றாள். "அதுக்குள்ள முடியுதான்னு பாக்குறேன்."