அளக்க வந்தவர்

மேகம் தெருவுக்குக் கீழே கிடக்கிறது. மலைச்சரிவை வெட்டிப் போட்ட ஒற்றைத் தெரு. கீழ் வரிசை வீடுகளின் கூரையும் மேல் வரிசை வீடுகளின் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. பிற்பகல் வெயில் தகரங்களில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறதே தவிர, சுடுவதில்லை. மேல் வரிசை ரொட்டிக் கடைக்காரி மாவுக் கையோடு வாசலில் நின்று, எதிரே மூன்று கால் கருவியை நட்டிருக்கும் சர்வேயரையே பார்க்கிறாள். காலையிலிருந்து தெரு முழுக்க அளந்தவர், இப்போது இவள் வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். "ரோட்டை அகலமாக்கப் போறாங்க. நம்ம இடத்துல கை வைக்கத்தான் இந்த நோட்டம்" என்று உள்ளேயிருந்து கணவன் முணுமுணுக்கிறான். "சும்மா இருங்க, நான் வாயைக் கிளறிப் பாக்குறேன்" என்று டீயை எடுத்துக்கொண்டு வந்து, "சார், குளிருது, உள்ள அடுப்புக்கிட்ட வந்து உக்காந்து குடிங்க" என்கிறாள். அவர் படி வரை வருகிறார். வாசல் நிலைக்கு மேலே மயிரிழையாய் ஓடும் விரிசலை அண்ணாந்து பார்க்கிறார். டம்ளரை எட்டி வாங்கிக்கொண்டு பின்னால் நகர்கிறார். "இல்லம்மா, இங்கயே நிக்கிறேன்." "எதுக்கு சார் எங்க வீட்டையே பாக்குறீங்க?" "போன மாச அளவோட ஒத்து வரல. அப்ப குறிச்ச புள்ளி இப்ப அந்த இடத்துல இல்ல. ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்." பேச்சுதான் அவளிடம்; கண் அவள் கூரைக்குப் பின்னால் எழும் சரிவில் இருக்கிறது. "உள்ள யாரும்மா இருக்காங்க?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்கிறார். குடிக்காத டீயோடு இன்னும் ஓரடி பின்னால் நகர்கிறார். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளே குரல் கொடுக்கிறாள்: "ஏங்க, அடுப்பு கெடக்கட்டும். பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வாங்க."