ரோஜாவைத் தைத்த கை

அருங்காட்சியகத்தில் ‘தைத்தவர் பெயர் தெரியாது’ என்ற அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தையலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும் கருவி வந்துவிட்டது.

நாசரேத்திலிருந்து தவசிமுத்து ரோஜாப்பூ தைத்த ஒரு பழைய தலையணை உறையோடு வந்தார். மனைவி ரெஜினாவையும் கூட்டி வந்திருந்தார்.

"பொண்ணு பாக்கப் போனப்போ இந்த ரோஜாப்பூவத்தான் எடுத்துக் காட்டுனாங்க. அதப் பாத்துட்டு எங்கம்மா, இவதான் என் மருமவள்னு சொல்லிட்டா. இவ பேரப் போட்டு வைங்க."

ஊழியர் பர்வீன் ஊசியும் துணியும் நீட்டினாள். "மாதிரிக்கு ஒரு வரி தைங்கம்மா."

ரெஜினா தைத்ததையும் உறையையும் கருவி பார்த்தது. வேறு கை என்றது.

"வயசாயிட்டுல்லா, கை நடுங்குது," என்றார் தவசிமுத்து.

"நடுங்குனாலும் கை மாறாது சார்."

பர்வீன் கருவியை ஓரமாக வைக்கத் திரும்பினாள். அதன் வெளிச்சம் தவசிமுத்துவின் சட்டைப்பையில் பட்டது. கிழிந்து தைத்த பை. கருவி சத்தம் கொடுத்தது. ரோஜாவைத் தைத்த அதே கை.

"இது நேத்து சின்னவ தச்சது. இவ தங்கச்சி. கல்யாணம் ஆகல. நாப்பது வருசமா எங்க வீட்லதான் இருக்கா," என்றார் தவசிமுத்து.

ரெஜினா தலை நிமிரவில்லை. "அவ தச்சத நான் தச்சதுன்னு சொல்லித்தான் எங்கம்மா காட்டுனாங்க," என்றாள்.

தவசிமுத்து உறையைப் பர்வீன் பக்கம் நகர்த்தினார். "அப்போ அவ பேரையே போடுங்க," என்றார்.

பர்வீன் புது அட்டையை எடுத்தாள். "முழுப்பேர் சொல்லுங்க சார்."

"சின்னவ..." என்றவர், அதற்கு மேல் தெரியாமல் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.